ஐந்தேகால் அடிக் கட்டில்

அறிவுக்கொடியின் உத்தியோகம் ஆட்டம் காண்கிறது என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் பெனிட்டா. அறிவுக்கொடி என் மகள். பெனிட்டா அவளுடைய கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கும் பெண். செய்தியைச் சொல்லுமுன் அதை யார் சொன்னார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். கொடுக்கப்பட்டது எது, கண்டுபிடித்தது எது என்று பிரித்து எழுதாத விடைத்தாளுக்கு என்னிடம் முழு மதிப்பெண் கிடையாது.

உட்காருங்கள் அம்மா. ஏழாம் மாடி வீட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? தரகர் சாவி வாங்கப் போனால் வரத் தாமதமாகும். நன்றாகச் சாய்ந்தே உட்காரலாம். லிஃப்டுக்கு முன்னால் இப்படி ஓர் இருக்கையை வேறு எந்தக் குடியிருப்பிலாவது பார்த்திருக்கிறீர்களா? இதைப் போட வைத்தவள் என் மகள். இந்தக் கட்டடமே அவள் தலைமையில் உருவானதுதான். நான் அவளோடு நான்காம் மாடியில் இருக்கிறேன். பெயர் தனபுஷ்பம். விருதுநகர்ப் பக்கத்தில் ஓர் அரசினர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டுமானால் அவள் என் பேச்சைக் கேட்பவளாக இருக்க வேண்டும். கேட்கமாட்டாள். அதுதான் எனக்குள்ள ஒரே குறை.

கட்டடக்கலை படித்து முடித்ததும் ஒரு சிறிய பில்டரிடம் சேர்ந்தாள். இரண்டு ஆண்டுகள் மாடிப்படி மட்டும் வரைந்தாள். அதன்பின் கழிப்பறை. அதன்பின் கார் நிறுத்துமிடம். வீடு என்று ஒன்றை வரைய விட்டதே ஆறாவது ஆண்டில்தான். இன்று இந்தக் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவு முழுவதற்கும் அவள்தான் தலைவர். அவளுக்குக் கீழே இருபது பேர் வரைகிறார்கள். அவள் பென்சிலைத் தொட்டு நான் பார்த்துப் பல ஆண்டுகளாகின்றன. எப்போதும் கூட்டம், எப்போதும் தொலைபேசி.

"இருபது பேரும் வரைந்துவிட்டால் உனக்கு என்னதான் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க போட்ட கோட்டை யாரும் நகர்த்தாமப் பார்த்துக்கறதும்மா" என்றாள்.

வகுப்பில் சட்டாம்பிள்ளை செய்கிற வேலை. அதற்கு இவ்வளவு சம்பளம் தருகிறார்கள்.

என் பேச்சைக் கேட்கமாட்டாள் என்றேன் அல்லவா? சான்று இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை. அவள் முதலில் கட்டிய குடியிருப்பில் பாத்திரம் கழுவும் தொட்டி மிகத் தாழ்வாக இருந்தது. என்னைப் போல் உயரமானவர்கள் குனிந்து குனிந்தே ஒடிந்து போவார்கள் என்றேன். "சரிம்மா" என்றாள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. அவ்வளவுதான். அடுத்த குடியிருப்பில் தொட்டி இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் யாரோ விவரம் தெரிந்தவர் இருந்திருக்கிறார். அந்தக் குடியிருப்பில் குளியலறைத் தரை வழுக்கியது. அதையும் சொன்னேன். "சரிம்மா." அதற்கடுத்ததில் சொரசொரப்பான கல். லிஃப்டுக்குக் காத்திருக்கும் கிழவிகள் எங்கே உட்காருவது என்று கேட்டேன். அதற்கும் அதே "சரிம்மா"தான். இந்த இருக்கை எப்படி வந்தது என்கிறீர்களா? இப்போதெல்லாம் எல்லாரும் போடுகிறார்கள் போலிருக்கிறது.

ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கத்தான் வேண்டும். பெற்ற தாயின் அனுபவத்தை வீணடிக்கிறாள் என்றால் சிரிப்புத்தான் வரும்.

செய்திக்கு வருகிறேன். அப்போது இந்தக் கட்டடம் தாளில்தான் இருந்தது. தாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படுக்கையறைகள். இரண்டாவது அறையின் அகலம் பத்தரை அடி. அப்படித்தான் என் மகளின் குழு வரைந்திருந்தது. கம்பெனியில் மார்க்கெட்டிங் பிரிவுக்கு நிர்மல் என்று ஒரு தம்பி தலைவர். அவர் ஒரு கணக்குப் போட்டார். மாடிக்கு எட்டு வீடு. வீட்டுக்கு ஒன்றரை அடி எடுத்தால் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி அகலத்தில் ஒன்பதாவதாக ஒரு குட்டி வீட்டை நுழைத்து விற்றுவிடலாம். பெருக்கலில் பிழை இல்லை. நானே சரிபார்த்தேன். ஆனால் அந்த ஒன்றரை அடியை எங்கிருந்து எடுப்பது? இரண்டாவது அறையிலிருந்து. பத்தரை அடி அறை ஒன்பது அடியாகிவிடும். ஓர் அறையிலிருந்து இடத்தை வெட்டினால் அந்த அலுவலகத்தில் "கடன் வாங்கறோம்" என்று சொல்வார்களாம். திருப்பிக் கொடுத்ததாகத்தான் வரலாறு இல்லை.

இதெல்லாம் பெனிட்டா தொலைபேசியில் சொன்னது.

"டீச்சர், மேடத்துக்குத் தெரியாமச் சொல்றேன். எங்க கொடி மேடம் வேலையை விட்டுடுவாங்க போலிருக்கு."

"கொடி என்று பாதிப் பெயர் வேண்டாம். அறிவுக்கொடி. மேலே சொல்."

"ரூமைக் குறைச்சா அந்த டிராயிங்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு எம்.டி. சார்கிட்டயே சொல்லிட்டாங்க டீச்சர். 'ரெண்டாவது பெட்ரூம்னா அது அம்மாங்களோட ரூம் சார், அதுல கை வைக்காதீங்க'ன்னாங்க."

அலுவலகத்தில் போய் வீட்டுக் கதையைப் பேசலாமா? எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்கு எம்.டி. சொன்ன பதிலைக் கேளுங்கள். சைட்டில் பிளைவுட்டால் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தார்கள், ஒன்பது அடி அறையோடு. சனிக்கிழமை ஐம்பது குடும்பங்களை அழைத்துக் காட்டப் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது அறை சிறியது என்று தாமாகச் சொன்னால் பழைய அளவுக்கே போய்விடலாம். யாரும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் அவளுடைய நாற்காலியில் வேறொருவர். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அலுவலகத்தார் யாரும் விருந்தினர் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

"மேடம் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை டீச்சர். எங்கிட்டகூட எதையும் உங்ககிட்டச் சொல்லச் சொல்லலை" என்றாள் பெனிட்டா. அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அச்சாக என் மகளின் இருமல். அந்த அலுவலகத்தில் குளிர்சாதனத்தை அளவுக்கு மீறி வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருமல்.

நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன். தாய் இருக்கும்போது மகள் நாற்காலியை இழப்பதா? ஆனால் அவளுக்கு அந்த விவேகம் இருந்ததா என்று பாருங்கள். சாப்பிட உட்கார்ந்ததும் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, சனிக்கிழமை மட்டும் சைட்டுப் பக்கம் வந்துடாதே. பத்தரைக்கு எம்.டி. வர்றார்."

"எனக்கு அங்கே என்ன வேலை?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"வந்தாலும் ரெண்டாவது பெட்ரூமுக்குள்ள போயிடாதே."

"சரி."

"போனாலும் அந்தக் கட்டில்ல படுத்துடாதே. அது சும்மா காட்சிக்குப் போட்டது."

தாய் என்றால் கட்டிலைக் கண்ட இடத்தில் படுத்துவிடுவாள் என்று நினைப்பு! எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் அதற்கும் மேலே போனாள். என்னிடம் ஓரடி மர அளவுகோல் ஒன்று உண்டு. பணியில் சேர்ந்த ஆண்டு வாங்கியது. விளிம்பில் பித்தளைத் தகடு பதித்தது. அதை அலமாரியிலிருந்து எடுத்து, என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "இதை மட்டும் கொண்டு வந்துடாதே" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? எடுத்துக் காட்ட வேறு வேண்டுமா? அந்த வேகத்தில்தான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினால், கம்பெனி காரோடு டிரைவர் காசிநாதன் வாசலில் நிற்கிறார்.

"யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பலை டீச்சரம்மா. வெயிலா இருக்கேன்னு இந்த மர நிழல்ல நிக்கிறேன். நீங்க எங்கயாச்சும் போகணுமா?"

என் நேரம் நன்றாக இருந்தது. சைட்டில் போய் இறங்கினால் பெனிட்டா ஒரு பட்டியைக் கழுத்தில் மாட்டினாள். விருந்தினர் அட்டை. அதில் என் பெயர் பிழையில்லாமல் அச்சாகி இருந்தது. பழைய குடியிருப்புக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருப்பார்கள் அல்லவா, அதில் நானும் அடங்கிவிட்டேன்.

இனிமேல்தான் அம்மா கவனமாகக் கேட்க வேண்டும். என் மகள் அந்த வீட்டின் கூடத்து ஓரத்தில் கையில் ஏதோ சுருட்டிய தாளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயம். நான் நேராக இரண்டாவது அறைக்குள் போனேன். சுற்றிலும் பார்த்தேன்.

அறை பெரிதாக இருந்தது.

உண்மையைத்தான் சொல்கிறேன். தாராளமாக இருந்தது. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் போட்டும் நடுவில் இடம் மிஞ்சியது. அறை சிறியது என்று சொல்வதற்காகவே கிளம்பி வந்தவள் நான். ஆனால் பெரிதாகத் தெரிவதைச் சிறியது என்று எப்படிச் சொல்வேன்? பொய் சொல்ல எனக்கு வராது. பெற்ற மகளின் வேலைக்காகவும் வராது. விருந்தினர்கள் வருகிறார்கள், "பரவாயில்லையே, நல்லா இருக்கே" என்கிறார்கள், போகிறார்கள். நிர்மல் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் மகளின் இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு அந்தப் பிளைவுட் அறைக்குள் முடிந்துவிடும் போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் 'படுத்துடாதே' என்றது நினைவுக்கு வந்தது. யாரைப் பார்த்து என்ன பேச்சு! செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

என் பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே அந்தரத்தில் நின்றன.

நான் ஐந்தரை அடி. எந்தக் கட்டிலிலும் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. எழுந்தேன், பையைத் திறந்தேன், அளவுகோலை எடுத்தேன். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வைத்து வைத்து அளந்தேன். ஐந்தேகால் அடி.

"ஆன்ட்டி, ப்ளீஸ்! அது டிஸ்ப்ளேக்கு வெச்சது" என்று ஓடி வந்தார் நிர்மல்.

"ஆன்ட்டி என்பது என்ன உறவு தம்பி? நான் உன் அத்தையா, பெரியம்மாவா?" என்றேன். "டீச்சர் என்று சொல். இந்தக் கட்டில் எந்த வகுப்புக்கு வாங்கியது? மூன்றாம் வகுப்புக்கா?"

பிறகு அலமாரி. ஆழம் பதினைந்து அங்குலம். அதற்குள் சட்டை மாட்டும் ஹேங்கரை நேராக வைக்க முடியவில்லை. மேசை ஓரடி அகலம். ஒரு நோட்டை விரித்தால் பாதி கீழே தொங்கும். அறைக்குக் கதவே இல்லை, நிலை மட்டும்தான். கதவு எங்கே என்றால், விருந்தினர் வந்துபோக வசதியாகக் கழற்றிவிட்டார்களாம். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அப்போதுதான் புரிந்தது, அறை பெரியதில்லை, அறைக்குள் இருந்த பொருள்கள்தாம் சிறியவை!

அந்த நேரம் பார்த்து எம்.டி. உள்ளே வந்தார். சந்தானகோபாலன் என்று பெயர், நல்ல உயரம். பின்னால் ஒரு கூட்டம்.

"யாரும்மா நீங்க? என்ன பண்றீங்க?"

"அளக்கிறேன். ஐயா எத்தனை அடி?"

"ஐஞ்சு... ஐஞ்சு ஒன்பது."

"படுங்கள்."

"என்னது?"

"காலணியைக் கழற்றிவிட்டுப் படுங்கள்."

நீங்கள் நம்பமாட்டீர்கள், படுத்துவிட்டார். எத்தனை கோடிக்கு அதிபதியானாலும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆசிரியை முன்னால் பெஞ்சின்மேல் ஏறி நின்றவர்தானே? அந்தக் குரலுக்கு உடம்பு தானாகக் கீழ்ப்படியும். கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து எல்லாமே வெளியே. காலுறையில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. சின்னக் குழந்தை ஒன்று முதலில் சிரித்தது. அதன்பின் அடக்க முடியவில்லை. "நான் படுத்துப் பார்க்கறேன்", "எனக்கு இடம் குடுங்க" என்று வரிசையே நின்றுவிட்டது.

ஒரு மருமகள், "எங்க அத்தைக்கு இந்தக் கட்டில் போதும். காலை மடக்கிக்கிட்டே கிடந்தாங்கன்னா பேச்சும் குறையும்" என்றாள்.

"நான் உனக்குப் பின்னாலதான்டி நிக்கிறேன்" என்றது ஒரு குரல்.

எம்.டி. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "உண்மையான கட்டில் ஒண்ணு கொண்டாங்க. கதவையும் மாட்டுங்க" என்றார். அதற்கு ஒரு நாளாவது ஆகும் என்று நினைத்தேன். ஆனால் பின்பக்கக் கொட்டகையில் ஆறேகால் அடிக் கட்டில் ஒன்று தயாராகப் போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே கதவு, கீல், திருகாணி. அதை மாட்ட ஒரு தச்சரும் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு முன்யோசனை! அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர் மிகவும் பொறுப்பானவர். அது யாரென்று என் மகளிடம் கேட்டேன். தெரியவில்லை என்றுவிட்டாள். தன்னோடு வேலை செய்பவர்களைக்கூட அவள் அறிந்துவைத்திருப்பதில்லை.

கட்டிலைப் போட்டார்கள். கதவை மாட்டினார்கள். கட்டில் ஆறேகால் அடி, கதவு இரண்டே முக்கால் அடி. கூட்டுங்கள். ஒன்பது. அறையும் ஒன்பது. கதவு பாதி திறந்து கட்டிலில் இடித்து நின்றது. எம்.டி. வெளியே போய் மறுபடி உள்ளே வரப் பார்த்தார். தொப்பை வரவில்லை. ஒருக்களித்து, மூச்சைப் பிடித்து நுழைந்தார். உள்ளே வந்து அந்தக் கட்டிலைப் பார்த்தார்.

"எங்க அம்மா வாக்கர் வெச்சுத்தான் நடப்பாங்க" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு என் மகள் பக்கம் திரும்பினார். "கொடி, பழைய டிராயிங் இருக்கா?"

"இருக்கு சார்." கையில் சுருட்டி வைத்திருந்தது அதுதான்.

வாங்கிப் பார்த்தவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகச் சாயல் அப்படியே இருக்குமே. "இவங்க உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"யாருக்கும் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு பேசியிருந்தோம். நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சத்தியமா இல்லை சார். வராதேன்னுதான் சொன்னேன்."

அவளுடைய குரல் நடுங்கியது. என் மகளைப் பொய் சொல்கிறவள் என்பதா! நான் முன்னால் வந்தேன். "ஐயா, அதற்கு நான் சாட்சி. வராதே என்றாள். இந்த அறைக்குள் போகாதே என்றாள். கட்டிலில் படுக்காதே என்றாள். அளவுகோலை எடுத்து என் கையருகே வைத்து, இதைக் கொண்டுவராதே என்றுகூடச் சொன்னாள். ஒன்றையும் நான் கேட்கவில்லை. என்னை யாரும் ஏவ முடியாது. அது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்."

எம்.டி. அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். "சரி. ரூல்ஸ் படி ஒரு விசிட்டர் தானாச் சொல்லியாச்சு. பத்தரை அடி. நிர்மல், ஒன்பதாவது வீட்டை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். "தாய் சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும், நீ சொன்னதைத் தாய் கேட்டிருந்தால் இன்று உன் வேலை என்னவாகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர். "தப்புதாம்மா. இனிமேலும் உன்கிட்ட இப்படித்தான் சொல்லுவேன், நீ கேக்காதே" என்றாள். குழறுகிறாள், பாவம். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

மறுபடியும் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் மகள் இருக்கிறாள் போலிருக்கிறது.

கட்டடம் எழுந்தது. நாங்களே நான்காம் மாடியில் ஒரு வீடு வாங்கினோம். இரண்டாவது அறை எனக்கு. பால் காய்ச்சிய அன்றே, விருந்தினர் போனதும் அறையை அளந்தேன். பத்தடி ஐந்தே முக்கால் அங்குலம்.

"அறிவுக்கொடி, கம்பெனி இந்த அறையிடம் வாங்கிய கடன் முழுதாகத் தீரவில்லை" என்றேன்.

"அது சுவர்ப் பூச்சும்மா. கொத்தனார் கை கொஞ்சம் தாராளம். அதெல்லாம் யாரும் அளக்க மாட்டாங்க."

"நான் அளந்தேன்."

"சரிம்மா" என்றாள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான், வழக்கம்போல் காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். ஊருக்கு ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். என் அறையில் ஒரு பக்கச் சுவர் மட்டும் புது வெள்ளையாக இருந்தது. அவளுடைய தலைமுடியில் சுண்ணாம்புத் தூள். என்னவென்று கேட்டேன். சுவர் ஈரம் கோத்திருந்தது, கொத்தனாரை வைத்துச் செதுக்கிப் பூசியதாகச் சொன்னாள். நான்காம் மாடியில், உள்சுவரில், எங்கிருந்து ஈரம் வரும்? கட்டடம் கட்டுபவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

அதோ தரகர் வந்துவிட்டார். போய்ப் பாருங்கள் அம்மா. உங்களுக்கும் இரண்டாவது அறைதான் என்றால், இந்த அளவுகோலைக் கொண்டுபோய் அளந்துவிட்டு, இறங்கும்போது கொடுங்கள். உங்கள் ஏழாம் மாடியில் எப்படியோ எனக்குத் தெரியாது. என் அறையை நான் அன்றே மறுபடி அளந்தேன். அந்த அறைக்குக் கடைசியாக வந்து சேர வேண்டிய பாக்கி, கூடவுமில்லை, குறையவுமில்லை, சரியாக வந்து சேர்ந்திருந்தது: கால் அங்குலம்.